இருநூற்றுப் பதினெட்டாம் எண்

தேர்தல் அன்று சத்யாவுக்கு முதல் ஷிப்ட் போட்டிருந்தார்கள். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. சுரங்கத்துக்குள் இருக்கும் ஷிப்ட் கேண்டீனில் அவள் பதினோரு வருடமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். இட்லி ஊற்றுவது, சாம்பார் வாளி தூக்குவது, தட்டு கழுவுவது. ஆள் குறைந்த நாளில் மூன்றும். அன்று ஊரெல்லாம் விடுமுறை. ஆனால் கரி வெட்டும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அவற்றை ஓட்டுகிறவர்களுக்குப் பசித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஆறு மணி வரைக்கும் ஓட்டுப் போடலாம். உன்னை ரெண்டு மணிக்கு வுட்டா நாலு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள டவுன்ஷிப்பையே ஒரு சுத்து சுத்தி வரலாம்" என்று கேண்டீன் சூப்பர்வைசர் ஜெயராமன் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்கு அவளை மாற்ற வேண்டிய பெண் வரவில்லை. இரண்டரைக்கும் வரவில்லை. சத்யா இரண்டு முறை போய் ஜெயராமனைக் கேட்டாள். "நான் என்ன, செஞ்சா கொடுக்க முடியும் ஆளை?" என்றார். மூன்றே காலுக்கு அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். காலையிலிருந்து வரிசையில் நின்றதாகச் சொல்லி, விரலில் மையைக் காட்டிச் சிரித்தாள். சத்யா ஏப்ரனைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினாள்.

இந்த ஓட்டு அவளுக்கு லேசில் கிடைக்கவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு பிறந்த ஊரான காடாம்புலியூர் பட்டியலில் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள், இங்கே சேர்க்கவில்லை. இரண்டு தேர்தல் அப்படியே போயிற்று. பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு அலைந்து, ஒரு தடவை போட்டோ சரியில்லை என்றும் இன்னொரு தடவை வாடகைச் சீட்டு போதாது என்றும் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில்தான் அடையாள அட்டை வந்தது. அவள் புருஷன் ராமலிங்கம் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு ஓட்டு இன்னும் வடலூர் பக்கத்தில் அவன் சொந்த ஊரில்தான் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே அங்கே கிளம்பிவிட்டான். போகும்போது, "நீயும் அங்கயே பேரைச் சேத்திருந்தா ஒரே வண்டியில போய்ட்டு வந்திருக்கலாம்" என்றான்.

அங்கே சேர்த்திருந்தால் யாருக்குப் போடவேண்டும் என்று மாமனார் சொல்வார். பிறந்த வீட்டில் அப்பா சொன்னார். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் சத்யாவே ஒரு முடிவு எடுத்திருந்தாள். பதினைந்து நாள் யோசித்து எடுத்த முடிவு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ராமலிங்கத்திடம்கூட.

ஷிப்ட் பஸ் அன்று பாதிதான் ஓடியது. அவள் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. சித்திரை வெயிலில் இரண்டு பிளாக் தூரம் நடந்து, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசலுக்குத் தள்ளி ஒரு மேசை போட்டு, கட்சிக்காரர்கள் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு வந்த பூத் சிலிப்பைப் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்துத் தொலைத்திருந்தார்கள். அட்டையைக் காட்டினாள்.

"உங்க பேரு இங்க இல்லைக்கா. பட்டியல்ல உங்க பாகத்தைப் பிரிச்சு அடுத்த பிளாக் ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க."

"யாரும் சொல்லவே இல்லியே?"

"சிலிப்புல போட்டிருப்பாங்களே."

மறுபடி நடந்தாள். அடுத்த பள்ளிக்கூடத்தின் முன்னாலும் அதேபோல் ஒரு மேசை. அங்கே ஒருவர் விரலை ஓட்டித் தேடி, துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்: வரிசை எண் 218, சத்யா, கணவர் ராமலிங்கம். வாசலில் போலீஸ்காரர் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். போன் வாங்கி வைக்கும் இடத்தில் ஒரு வரிசை. பிறகு பூத்தில் ஒரு வரிசை. பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையைவிட நீளமாக இருந்தது. நின்றாள். காலை நாலரை மணிக்கு எழுந்தவள். முழங்காலுக்குக் கீழே ஒரே கடுப்பு. தாகம் எடுத்தது, தண்ணீர் கேன் காலியாக இருந்தது. ஆனாலும் வகுப்பறை வாசலுக்கு வந்தபோது சேலையைச் சரிசெய்து, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே முதல் மேசையில் ஓர் இளம்பெண் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். சத்யாவின் அட்டையையும் துண்டுத்தாளையும் வாங்கினாள்.

"இருநூத்திப் பதினெட்டு. சத்யா. கணவர் பேர் ராமலிங்கம்" என்று கட்சி ஏஜென்டுகளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். பேனா பாதியில் நின்றது. "உங்க ஓட்டு போட்டாச்சேம்மா."

"என்னது?"

"காலையிலேயே போட்டாச்சு. இதோ, கோடு போட்டிருக்கு பாருங்க."

சத்யா குனிந்து பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் நேராக ஒரு கோடு. பக்கத்தில் ஒரு டிக்.

"நான் இப்பத்தான் வரேன். காலையில ஆறு மணியிலருந்து மைன்ஸ் கேண்டீன்ல இருந்தேன். எப்படிப் போட்டிருப்பேன்?" இடது கையை மேசைமேல் வைத்தாள். "வெரலைப் பாருங்க. மை இருக்கா?"

அடுத்த மேசையில் மை வைக்கிற அலுவலர் தலையை நீட்டிப் பார்த்தார். "கழுவியிருந்தா?"

"நாள் முழுக்கப் பாத்திரம் கழுவுற கைதான் சார் இது. அதுக்காக நீங்க வெக்கிற மை ஒரு நாள்ல போயிடுமா?"

பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "சீக்கிரம் முடிங்கம்மா" என்றது ஒரு குரல். சத்யாவுக்குக் காது சூடாயிற்று. அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பூத்துக்குப் பொறுப்பான அதிகாரி எழுந்து வந்தார். வெள்ளைச்சாமி என்று அவர் சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. சிதம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வாத்தியார். பேச்சில் இன்னும் தெற்கத்தி வாடை போகவில்லை. முந்தின நாளே இயந்திரங்களோடு வந்து இந்த வகுப்பறையிலேயே படுத்து எழுந்தவர், கண் சிவந்திருந்தது. அட்டையைப் பார்த்தார், பட்டியலில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்தார், சத்யாவின் முகத்தைப் பார்த்தார்.

"இவங்கதான்" என்றார் தனக்குள் சொல்வதுபோல. பிறகு கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். அதில் இருநூற்றுப் பதினெட்டுக்கு நேரே ஆங்கிலத்தில் சாய்வாக, அழகாக ஒரு கையெழுத்து இருந்தது. சத்யாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட வராது.

ஏஜென்டுகள் பெஞ்சில் பாவாடை என்பவர் உட்கார்ந்திருந்தார். சத்யாவின் தெருக்காரர், வயதானவர். "தெரியும் சார் இந்தப் பொண்ணை. கேண்டீன்ல வேலை செய்யுது. எங்க தெருதான்" என்றார்.

சத்யா அவர் பக்கம் திரும்பினாள். "என்னைத் தெரியுமில்ல மாமா? அப்ப வேற யாரோ வந்து என் பேர்ல போடறப்ப நீங்க இங்க ஒக்காந்துகினு என்ன பண்ணிகினு இருந்தீங்க?"

பாவாடை மென்று விழுங்கினார். "ஒம்போது மணிக்கு டிபன் சாப்பிடப் போயிருந்தேம்மா. அப்ப நடந்திருக்கும்."

அவர் தன் கையிலிருந்த பட்டியலைப் புரட்ட ஆரம்பித்தார். ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியிருக்கவேண்டும். வடலூருக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தப் பட்டியலில் ராமலிங்கங்களுக்குக் குறைவே இல்லை. பல பக்கங்கள் தாண்டி ஓர் இடத்தில் விரலை ஊன்றினார்.

"இங்க பாருங்க சார். ஐந்நூத்தி நாப்பத்தேழு. இதுவும் சத்யா. இதுக்கும் புருஷன் ராமலிங்கம். குவார்ட்டர்ஸ் அட்ரஸ். இந்த நம்பர்ல ஓட்டு விழவே இல்ல."

முதல் மேசைப் பெண் தன் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஒரு லேடி சிலிப் இல்லாம டிரைவிங் லைசென்ஸ் மட்டும் கொண்டாந்தாங்க சார். பேரைச் சொன்னாங்க. தேடினேன். முதல்ல வந்ததுல கோடு போட்டுட்டேன்." பட்டியலை வெள்ளைச்சாமி பக்கம் திருப்பினாள். "செம கூட்டம் சார் அப்ப."

"படத்தைப் பார்க்க வேண்டாமாம்மா?" என்றார் வெள்ளைச்சாமி.

அவர் சத்யாவை ஓரமாக நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு தடிமனான கையேட்டைப் புரட்டினார். வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது. ஒவ்வொருத்தியாக வந்து, கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் நீளமாகக் கூவியது. ஒவ்வொரு கூவலும் சத்யாவைச் சீண்டியது.

"இதுக்கு வழி இருக்கும்மா" என்று வந்தார் வெள்ளைச்சாமி. "உங்க பேர்ல வேற ஆள் போட்டுட்டாங்கன்னா, நீங்கதான் நிஜமான ஆள்னு தெரிஞ்சா, உங்களுக்கு டெண்டர் ஓட்டு கொடுக்கணும்."

"டெண்டரா? அதைக் கான்ட்ராக்டருக்குத்தான சார் வுடுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "அது வேற. இது காகிதச் சீட்டு. அந்தக் காலத்துல குத்தின மாதிரி முத்திரை குத்தி மடிச்சுக் கொடுத்தீங்கன்னா, தனிக் கவர்ல போட்டு சீல் வைப்பேன்."

"அதையும் எண்ணுவாங்கல்ல?"

அவர் கையேட்டின் அதே பக்கத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று அப்போதே சத்யாவுக்குப் பட்டது.

"எண்ண மாட்டாங்கம்மா. யாராவது கேஸ் போட்டு, கோர்ட்டு சொன்னாத்தான் அந்தக் கவரைப் பிரிப்பாங்க. மத்தபடி பிரிக்கிறதில்ல."

"எண்ணாத ஓட்டு எதுக்கு சார் எனக்கு?" அவள் எழுந்துவிட்டாள். "நான் என்ன பொம்மை ஓட்டுப் போடவா வந்தேன்? தப்பு உங்க மேசையில. காகிதம் எனக்கா? அந்தம்மாவையே கூட்டிகினு வரேன். அவங்களே வந்து சொல்லட்டும், நான்தான் மாத்திப் போட்டேன்னு. அப்பவாவது மெஷின்ல வுடுவீங்கல்ல?"

"அம்மா, அவங்க வந்தாலும்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பாவாடையிடம் முகவரியைக் கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். மணி நாலு ஐம்பது.

அந்தக் குவார்ட்டர்ஸ் நாலு தெரு தள்ளி இருந்தது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி வேலிகள், எண்கள் பாதி அழிந்திருந்தன. இரண்டு வீட்டில் தவறாகக் கதவைத் தட்டினாள். மூன்றாவது வீட்டில் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஏறக்குறைய இவள் வயதுதான். இடது ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து கீழே இறங்கிய கறுப்புக் கோடு.

"சத்யாங்களா?"

"ஆமா. நீங்க?"

"நானும் சத்யாதாங்க."

இவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கியது. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

"நான் ஒண்ணும் கள்ள ஓட்டுப் போடலையே. பேரைக் கேட்டாங்க, சொன்னேன். புருஷன் பேரு ராமலிங்கமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். கையெழுத்துப் போடச் சொன்ன எடத்துல போட்டேன்."

"பக்கத்துல இருந்த போட்டோவைப் பாக்கலிங்களா?"

"யாருங்க அதெல்லாம் பாத்தா? கூட்டத்துல?" கதவைப் பாதி சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவர் பர்மனென்ட் எம்ப்ளாயி. என் மேல கேஸ் கீஸுன்னு ஏதாச்சும் வந்தா அவருக்குத்தான் பிரச்சனை. நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்குறார். நான் வரலை. ஆபீசர்கிட்ட நீங்களே பேசிக்கங்க."

சத்யா அந்தப் பாதிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தினால் கதவு முழுதாகச் சாத்தப்படும் என்று தெரிந்தது.

"உங்க மேல தப்புன்னு நான் சொல்லலைங்க. நீங்க வந்து அதையே சொல்லுங்க, போதும். நான் மூணு ஞாயித்துக்கெழமை அலைஞ்சு இந்தப் பேரைச் சேத்தேன். காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. உங்களுக்கு ஓட்டுப் போட்டாச்சு. எனக்கு இன்னும் அம்பது நிமிஷந்தான் இருக்கு."

அந்தப் பெண் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சத்யா படியில் நின்றாள். திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது கதவு திறந்தது. அந்தப் பெண் சுடிதார் மாற்றியிருந்தாள். ஒரு கையில் ஸ்கூட்டர் சாவி, இன்னொரு கையில் ஒரு செம்பு தண்ணீர்.

"குடிங்க முதல்ல" என்றாள்.

அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஐந்து நாற்பது. வரிசையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். வெள்ளைச்சாமி இரண்டு பேரையும் பார்த்ததும் எழுந்து வந்தார். குவார்ட்டர்ஸ் சத்யா நடந்ததை நடந்தபடி சொன்னாள். முதல் மேசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க வந்ததே பெரிய விஷயம்" என்றார் வெள்ளைச்சாமி. "ஆனா விழுந்த ஓட்டைத் திருப்பி எடுக்க முடியாது. எது யார் போட்டதுன்னு மெஷினுக்குத் தெரியாது."

"எடுக்க வேணாம் சார். எனக்கு ஒண்ணு போட வுடுங்க. அவ்வளவுதான்."

அவர் ஏஜென்டுகளைப் பார்த்தார். பாவாடையும் இன்னும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாடைதான் வாயைத் திறந்தார். "நாப்பத்தேழு சும்மாதான சார் கெடக்குது? அதுல போட்டுடட்டும். ரெண்டு பொண்ணு, ரெண்டு ஓட்டு. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல." மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

வெள்ளைச்சாமி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. களைப்பு அதைவிட அதிகமாகத் தெரிந்தது. மை வைக்கிற அலுவலர் காத்திருக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி, ஐந்நூற்று நாற்பத்தேழு என்று எழுதி, சத்யாவின் பக்கம் தள்ளினார். பேனாவையும் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நேரா மெஷினுக்குப் போங்க. மொத்தம் டேலி ஆயிடும்."

சத்யா பேனாவை வாங்கினாள். பத்து அடி தூரத்தில் அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் அவள் அமுக்கவேண்டிய பொத்தான். பக்கத்தில் நின்ற குவார்ட்டர்ஸ் சத்யா மெதுவாகச் சொன்னாள்: "போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

பேனா தாளைத் தொட்டது. எப்படிப் போடுவது என்று ஒரு கணம் அவளுக்குக் குழப்பம் வந்தது. தன் கையெழுத்தையா, அந்தப் பெண்ணின் கையெழுத்தையா? முதல் மேசையில் விரித்திருந்த பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே குவார்ட்டர்ஸ் சத்யாவின் படம் இருந்தது. டேலி ஆயிடும். கேண்டீனில் தினமும் ஷிப்ட் முடியும்போது ஜெயராமன் சொல்வது இதைத்தான். வராத ஆளுக்கு வந்த ஆள் கையெழுத்துப் போட்டு, வந்த ஆள் பெயர் விட்டுப்போய், ஒருத்தி லீவை இன்னொருத்தி தலையில் எழுதி, கடைசியில் எண்ணிக்கை மட்டும் சரியாக வரும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க அவள் வேலை செய்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் வரவே இல்லை. கேட்டதற்கு, தலைக்கணக்கு சரியாத்தானே இருக்கு என்றார்.

அவள் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"வேணாம் சார்."

"என்னம்மா?" என்றார் மை வைக்கிறவர்.

"இது என் நம்பர் இல்ல. இதுல போட்டா நான் வரவே இல்லன்னுதான் அர்த்தம். அந்தம்மா ரெண்டு தடவை வந்தாங்க, நான் வரல. நாளைக்கு யாராவது கேட்டா அவங்களும் மாட்டுவாங்க, நானும் மாட்டுவேன்."

"யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதுதான் சார் எனக்கு எரிச்சலே." அழுகை வந்துவிடுமோ என்று பயந்து இன்னும் உரக்கப் பேசினாள். "அந்த டெண்டர் காகிதத்தையே கொடுங்க. என் நம்பருக்கு நேரா, நான் வந்தேன்னு, என் ஓட்டை வேற ஆள் போட்டுட்டாங்கன்னு எழுதுங்க. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

வெள்ளைச்சாமி மை வைக்கிறவர் பக்கம் திரும்பி, "அந்த வரியை அடிச்சு என்கிட்ட சுருக்கொப்பம் வாங்குங்க" என்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல அவர் தோள் இறங்கியது. அதைப் பார்த்து சத்யாவுக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு நிம்மதி, அவளுக்கு?

அவர் தனிப் படிவம் ஒன்றை எடுத்து எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். சத்யா தமிழில், எழுத்துக் கூட்டியதுபோல் தெளிவாக, கையெழுத்துப் போட்டாள். விரலில் மை வைத்தார்கள். சின்னங்கள் அச்சிட்ட நீளமான சீட்டும் ஒரு ரப்பர் முத்திரையும் கொடுத்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே இயந்திரம் இருந்தது. பொத்தான்கள் நீல நிறத்தில் வரிசையாக இருந்தன. அவற்றின்மேல் கை படாமல் பக்கத்தில் சீட்டை விரித்து, பதினைந்து நாள் யோசித்து வைத்திருந்த பெயருக்கு நேரே முத்திரையை அழுத்தினாள். சத்தமே இல்லை. மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளைச்சாமி அதைப் பழுப்புக் கவரில் போட்டார். அந்தக் கவரில் அது ஒன்றுதான் இருந்தது.

வெளியே ஆறு மணி அடித்தார்கள். கேட்டைச் சாத்தினார்கள். குவார்ட்டர்ஸ் சத்யா அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் விட்டாள். இறங்கினவளிடம் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ராமலிங்கம் கூப்பிட்டான். "போட்டியா?"

சொன்னாள். முடிவில், "பேசாம அந்த நம்பர்லயே போட்டிருக்கலாம்ல? ஆபீசரே சரின்னுட்டாரு. நீ எதுக்குப் பெரிய இவளாட்டம்..." என்றான்.

"ஆமா, நான் பெரிய இவதான். வை போனை."

வைத்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. உலை வைத்தாள். அரிசி களைந்தாள். அவன் சொன்னது சரியோ என்ற எண்ணம் களைந்த தண்ணீரோடு போகாமல் கூடவே நின்றது. பத்து அடிதான். அமுக்கியிருந்தால் கூவியிருக்கும். அவள் விருப்பம் எங்கோ ஒரு எண்ணாக ஏறியிருக்கும். இப்போது அது ஒரு கவருக்குள் கிடக்கிறது. சரியாகத்தான் செய்தோம் என்று ஒரு தடவை தோன்றியது. முட்டாள்தனம் என்று இரண்டு தடவை தோன்றியது. மையைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

வாக்கு எண்ணிய அன்றும் அவளுக்கு முதல் ஷிப்ட்தான். கேண்டீன் டிவியில் சுற்றுச் சுற்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் தொகுதி முடிவு வந்துவிட்டது. வித்தியாசம் ஆயிரக்கணக்கில். அவள் முத்திரை குத்திய ஆள் தோற்றுப்போயிருந்தார்.

ஜெயராமன் டீ டம்ளரோடு வந்தார். கதை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "பாத்தியா? உன் ஒரு ஓட்டை எண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. எதுக்கு அன்னைக்கு அவ்வளவு கத்தினே?"

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க. ஆனா மத்தவங்களதையும் ஒண்ணொண்ணாத்தான எண்ணுனாங்க?"

"சரி சரி, சாம்பார் போயிட்டிருக்கு, பாரு."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தக் கவர் இப்போது எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருக்கும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வெள்ளைச்சாமிக்குக்கூடத் தெரியாது.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. குவார்ட்டர்ஸ் சத்யா.

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் இனிஷியல் போடலை, அதான் குழப்பம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். திருத்தத்துக்கு அப்ளிகேஷன் கொடுக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் நம்ம பட்டியலைப் பாக்குற ஆபீசர் வீட்டுல இருப்பாராம். உள்ளாட்சித் தேர்தல் வந்தா மறுபடி இதே கூத்துதான் நடக்கும். வர்றீங்களா? நான் வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முன்னால் வெளியே வரமுடியாது.

"இருங்க, லைன்லயே இருங்க" என்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஜெயராமனின் மேசைக்குப் போனாள்.

"எனக்கு ஞாயித்துக்கெழமை ஷிப்ட் மாத்திக் கொடுங்க."

"எதுக்கு? அன்னைக்கு ஆள் கெடையாதே."

"ஓட்டு வேலை."

"தேர்தல்தான் முடிஞ்சு போச்சே?" என்றார் அவர்.

"எனக்கு இன்னும் முடியல" என்றாள் சத்யா. அவர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை; பார்க்கலாம் என்றார். அவள் மேசையைவிட்டு நகராமல், போனில் காத்திருந்தவளிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டாள்.